குடி நோய்க்கு வீட்டுக்குள்ளிருந்து வந்த தலைமை – ஒரு வரலாற்றுப் பார்வை



போன கட்டுரை எல்லைப் போராட்டம் பற்றியது. இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். குடியைப் பற்றி நம்மிடம் நிறைய வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி கடைகளின் வரலாறு. எந்த ஆண்டு மூடினார்கள், எந்த ஆண்டு திறந்தார்கள், யார் ஆட்சியில் எவ்வளவு வருமானம் என்பதுதான் அது. குடித்தவர் வீட்டில் என்ன நடந்தது, அவருக்கு வைத்தியம் பார்க்க முதலில் முன்வந்தது யார், அந்த அமைப்பை எப்படி நடத்தினார்கள் என்பதையெல்லாம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். நம் ஆர்.கே.பேட்டையில் ஆரம்பித்து, சென்னை, மஞ்சக்குடி, கனடா, கூடலூர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி நம் மாவட்டத்துக்கு வருவோம்.

எல்லை ஊரும் மதுவிலக்கும்

ஆர்.கே.பேட்டை என்பது ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதன் சுருக்கம் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும். இன்று இது திருவள்ளூர் மாவட்டம். ஆனால் 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் பரிந்துரைக்கும் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது.

இந்தத் தகவல் நம் தலைப்புக்கு ஏன் தேவை என்கிறீர்களா? இந்தியாவில் மதுவிலக்கை முதலில் அமல்படுத்திய மாகாண அரசுகளில் ஒன்று சென்னை மாகாண அரசு. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1938ல், சித்தூருக்கும் கடப்பைக்கும் அது விரிந்தது. அப்படிப் பார்த்தால், சென்னை நகரம் மதுவிலக்கைப் பார்ப்பதற்கு முன்பே திருத்தணி வட்டாரம் பார்த்துவிட்டது! இரண்டாம் உலகப்போர் காலத்தில் இந்தத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. சுதந்திரத்தை ஒட்டி மறுபடி படிப்படியாக வந்து, 1948ல் மாகாணம் முழுக்க அமலானது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். 1971ல் கலைஞர் ஆட்சியில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974ல் திரும்ப வந்தது. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளும் சாராயமும் மறுபடி வந்தன. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே போயின. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 1992ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள், சாராயக் கடையை மூடச் சொல்லிக் கிளம்பினார்கள். ரோசம்மா என்ற பெண்மணியின் பெயர் நாடெங்கும் தெரியவந்தது. 1993ல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995ல் என்.டி.ராமராவ் அரசு முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1997ல் அதுவும் தளர்ந்துவிட்டது.

இந்தப் பெண்களின் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு அரசையே அசைத்தார்கள். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கடையை மூடிய மறுநாள் காலை, பத்து வருடமாகத் தினமும் குடித்தவருக்குக் கை நடுங்குகிறதே, அவரை என்ன செய்வது? சட்டத்திடம் இதற்குப் பதில் கிடையாது. குறிப்பாக எல்லை ஊர்களில் ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் நடந்தே போய்விடலாம். அதனால் வைத்தியம் என்ற வேறு பாதை தேவைப்பட்டது.

கெட்ட பழக்கமா, நோயா?

குடியை ஒழுக்கக்கேடு என்று பார்க்கும் வழக்கம் உலகம் முழுக்க இருந்தது. 1935ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்தார்கள். இருவருமே குடியால் வாழ்க்கையைத் தொலைத்தவர்கள். குடிகாரனுக்கு இன்னொரு குடிகாரன்தான் துணை நிற்க முடியும் என்ற எண்ணத்தில் அவர்கள் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ. அமைப்பு. 1956ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடியை நோய் என்று கருதி மருத்துவமனைகளில் சேர்க்கலாம் என அறிவித்தது.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கணவர்கள் ஏ.ஏ. கூட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது, அவர்களோடு வந்த மனைவிகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். கணவன் குடியை நிறுத்திய பிறகும் தங்கள் கோபமும் பயமும் போகவில்லை என்பதைக் கண்டார்கள். 1951ல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் வில்சனும் ஒரு தோழியும் சேர்ந்து அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அது குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அமைப்பு. குடி ஒருவரின் நோய் மட்டுமல்ல, வீடே அதில் நோயாளி என்ற கருத்து இப்படித்தான் வேர் பிடித்தது.

சாந்தி ரங்கநாதன்

தமிழ்நாட்டில் இந்தக் கருத்தைக் கொண்டுவந்து ஒரு நிறுவனமாக்கியவர் சாந்தி ரங்கநாதன். மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன்தான் இவருடைய கணவர். பணம், பெயர், படிப்பு எல்லாம் இருந்த குடும்பம். ஆனாலும் குடி நோய் அவரை விடவில்லை. 1979ல், 33 வயதில் அவர் இறந்தார்.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்தில் இப்படி ஒரு மரணம் நடந்தால் என்ன செய்வார்கள்? காரணத்தை வெளியே சொல்லாமல் மறைத்திருப்பார்கள். சாந்தி அதற்கு நேர்மாறாகச் செய்தார். கணவரின் பெயரிலேயே குடி நோய்க்கான அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1980ல், சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை உருவானது. பெயர்ப்பலகையிலேயே அந்தக் குடும்பம் தன் துக்கத்தை எழுதி வைத்துவிட்டது என்று சொல்லலாம். புகுந்த வீட்டாரும் அவருக்குத் துணையாக நின்றார்கள்.

துக்கம் மட்டும் இருந்தால் நிறுவனம் நடத்த முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1949 முதல் இயங்கிவந்த ஹேசல்டன் சிகிச்சை மையத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். சிறிய அளவில் ஆரம்பித்த வேலை, பிறகு சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1999ல் ஐ.நா. சார்ந்த வியன்னா குடிமைச் சமூக விருதும் கிடைத்தது.

அங்கே என்னதான் செய்கிறார்கள்?

முதல் கட்டம் உடம்புக்கானது. பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரிகிற குழப்பம் எல்லாம் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் டாக்டர் மேற்பார்வையில் மருந்து கொடுத்து, சத்துக்குறைவைச் சரிசெய்து, சில நாட்களில் உடம்பை நிதானத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

இரண்டாவது கட்டம் மனதுக்கானது. சுமார் ஒரு மாதம். தனி ஆலோசனை, குழு உரையாடல், நோயைப் பற்றிய வகுப்புகள்.

மூன்றாவதுதான் நம் கட்டுரையின் மையம். குடும்பத்தாருக்கென்று தனியாக இரண்டு வாரத் திட்டம். மனைவியோ அம்மாவோ வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள், பேசுகிறார்கள். பல வீடுகளில் நடப்பது என்ன? "அவருக்குக் காய்ச்சல், அதனால வேலைக்கு வரலை" என்று முதலாளியிடம் பொய் சொல்வது மனைவி. கடன்காரனுக்குப் பதில் சொல்வது அம்மா. பாட்டிலை ஒளித்து வைப்பது பிள்ளை. எல்லாமே அன்பினால் செய்வதுதான். ஆனால் குடியின் விளைவு குடிப்பவர் மேல் விழாமல் தாங்கிக்கொள்வது இந்த அன்புதான். இதைப் பழி சொல்லாமல் அவர்களுக்கே புரியவைப்பதும், "இது உன்னால் வந்த நோய் இல்லை" என்று சொல்லி அவர்களின் குற்ற உணர்ச்சியை இறக்கி வைப்பதும்தான் குடும்பச் சிகிச்சை.

நெசவு ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். தறியில் உட்கார்பவர் ஒருவர்தான். ஆனால் தார் சுற்றுவது மனைவி, பாவு பிடிப்பது வீட்டில் எல்லோரும். வாங்கிய முன்பணம் மொத்தக் குடும்பத்தின் கடன். தறியில் உட்கார்பவர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டால் வேலை நிற்பது ஒருவருக்கு மட்டுமல்ல. அப்படியிருக்கும்போது வைத்தியம் மட்டும் ஒருவருக்குப் பார்த்தால் எப்படிப் போதும்?

மஞ்சக்குடி முகாம்

சென்னை மருத்துவமனைக்கு ஒரு மாதம் வந்து தங்கக் கூலி வேலை செய்பவரால் முடியுமா? வருமானம் போகும், ஊருக்குத் தெரியும், மனைவி கூட வந்தால் மாடு, பிள்ளைகளை யார் பார்ப்பது? இதற்கு விடையாக 1989ல் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த (இன்று திருவாரூர் மாவட்டம்) மஞ்சக்குடி கிராமத்தில் ஒரு முகாம் நடத்தினார்கள். நோயாளியை மருத்துவமனைக்கு அழைப்பதை விட்டு, மருத்துவமனையையே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினைந்து நாள் அங்கேயே தங்கிச் சிகிச்சை. குடும்பத்தாருக்கும் அங்கேயே வகுப்பு. ஊர்ப் பெரியவர்களுக்கும் இதில் பங்கு. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து கவனிப்பு.

இந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994ல் 'அடிக்‌ஷன்' என்ற சர்வதேச ஆய்விதழில் கட்டுரையாக எழுதினார். தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்று உலக ஆய்விதழின் தலைப்பில் இடம்பிடித்தது! ஒரு அமைப்பை நடத்துகிறவர் செய்ய வேண்டியவற்றில் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. செய்ததை எழுதி வைத்தால்தான் அடுத்த ஊர்க்காரர் அதைப் பார்த்துச் செய்ய முடியும்.

ஆனால் மஞ்சக்குடியிலும் சிகிச்சைக் குழு வெளியிலிருந்து வந்ததுதான். ஊரே தனக்குத் தானே தலைமை ஏற்றால் என்ன ஆகும்? அதைப் பார்க்க நாம் கடல் தாண்டிப் போக வேண்டும்.

கனடாவின் அல்கலி லேக்

கனடாவின் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் அல்கலி லேக் என்று ஒரு பழங்குடிக் குடியிருப்பு. அங்கே வாழ்பவர்கள் ஷுஸ்வாப் இனத்தைச் சேர்ந்த சில நூறு பேர். அந்நாட்டு அரசும் திருச்சபைகளும் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்து, தாய்மொழி பேசினாலே தண்டித்த காலம் அது. (இதற்காகக் கனடா அரசு 2008ல் மன்னிப்புக் கேட்டது.) அப்படி வளர்ந்து திரும்பிய தலைமுறைக்குப் பிள்ளை வளர்க்கவே தெரியவில்லை. குடி மட்டும் மிஞ்சியது. 1970களின் தொடக்கத்தில் அந்த ஊரில் ஏறக்குறைய பெரியவர்கள் எல்லோருமே குடித்தார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள்.

அங்கே பிலிஸ் செல்சி என்ற தாய். அவரும் கணவர் ஆண்டியும் குடிப்பவர்கள். ஒரு நாள் அவர்களின் சின்ன மகள், "நீங்கள் குடிக்கிறீர்கள், நான் உங்களோடு வீட்டுக்கு வரமாட்டேன்" என்று மறுத்துவிட்டாள். பிலிஸ் அன்றோடு குடியை விட்டார். கொஞ்ச நாளில் ஆண்டியும் விட்டார். முழு ஊரில் குடிக்காதவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே! சொந்தக்காரர்களே விலகிப்போனார்கள். பிறகு ஆண்டி ஊர்த் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கள்ளத்தனமாகச் சாராயம் விற்பதை நிறுத்தினார்கள். குடிக்குப் போய்க்கொண்டிருந்த அரசு உதவிப் பணத்தை உணவுக்கான சீட்டாக மாற்றினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வருவதுதான். ஒருவர் வெளியூருக்குச் சிகிச்சைக்குப் போனால், அவர் திரும்பி வருவதற்குள் ஊரார் அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டைப் பழுது பார்த்து வைத்தார்கள். திரும்பியவர் பழைய இருட்டு வீட்டுக்குள் நுழையவில்லை. 1985 வாக்கில் அந்த ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குடியை விட்டிருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் கதை 'தி ஆனர் ஆஃப் ஆல்' என்ற படமாக வந்து, மற்ற பழங்குடி ஊர்களுக்கும் பரவியது. அதே மாநிலத்தில் 1979ல் தொடங்கிய ரவுண்ட் லேக் சிகிச்சை மையம் பழங்குடியினரே நடத்துவது. பண்பாடே சிகிச்சை என்பது அதன் கொள்கை. பறித்துக்கொள்ளப்பட்ட மொழியையும் சடங்கையும் திரும்பக் கொடுப்பதும் அங்கே வைத்தியத்தில் சேர்த்தி.

நம் பழங்குடிகள்

இது கனடாவில் மட்டும்தான் முடியுமா? நீலகிரி மாவட்டம் கூடலூரைப் பாருங்கள். 1985ல் அக்கார்டு என்ற அமைப்பு பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகளின் நில உரிமைக்காகத் தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1990ல் அஸ்வினி என்ற சுகாதார அமைப்பும், பின்னர் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் வந்தன. டாக்டர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். ஆனால் பழங்குடிப் பெண்களே செவிலியராகவும் கிராம சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்றார்கள். நிர்வாகத்திலும் அமர்ந்தார்கள்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பழங்குடி என்றால் முதலில் இருளர்தான். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் அவர்களில் பல உண்டு. 1978ல் தொடங்கப்பட்ட இதே இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்கி, நாட்டுக்கே பாம்பு விஷமுறிவு மருந்துக்கான விஷத்தைத் தந்தது. 2023ல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள். "இவர்களால் ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம். பாம்பு விஷத்துக்கு ஒரு சங்கம் நடத்தியவர்களால் குடி என்ற விஷத்துக்கும் ஒன்று நடத்த முடியும். அதற்குப் பணமும் பயிற்சியும் கொடுப்பது மற்றவர்கள் கடமை. தலைமை அவர்களிடமே இருக்க வேண்டும்.

வரலாறு சொல்லும் பாடங்கள்

இந்தக் கதைகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

ஒன்று, தொடங்கியவர்கள் எல்லோரும் அந்த நோயை வீட்டுக்குள்ளேயே பார்த்தவர்கள். லோயிஸ் மனைவி, சாந்தி மனைவி, பிலிஸ் தானே குடித்த தாய். அவர்களுக்கு யாரும் பதவி கொடுக்கவில்லை. மறைப்பதை நிறுத்தியதுதான் அவர்கள் எடுத்த முதல் தலைமைச் செயல்.

இரண்டு, அனுபவத்தோடு நிற்காமல் பயிற்சியும் பெற்றார்கள், அல்லது பயிற்சி பெற்றவர்களைக் கூட வைத்துக்கொண்டார்கள். இது நம் பக்கம் ரொம்ப முக்கியம். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று சுவரொட்டி விளம்பரங்கள் பார்த்திருப்பீர்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை குடியோடு சேர்ந்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தக் குறைவு எல்லாம் வரும். டாக்டர் பரிசோதித்து, நோயாளியே சம்மதித்து எடுக்க வேண்டியது அது. தெரியாமல் கலந்தால் உயிரே போகலாம். அதேபோல நீண்டகாலம் குடித்தவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்த வைப்பதும் ஆபத்து.

மூன்று, சிகிச்சை முடிந்து வருபவருக்கு ஊர் தயாராக இருக்க வேண்டும். ஒரு முறை சறுக்கினால் "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று சிரிக்கிற ஊரில் யாரும் குணமாக முடியாது. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை ஏறினால் நாம் சிரிப்பதில்லையே!

முடிவுரை

1938ல் ஒரு சட்டம் நம் வட்டாரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை கடைகள் மூடித் திறந்தன. ஆட்சி மாறினால் அவை இனியும் மாறும். 1980ல் ஒரு பெண் தொடங்கிய வேலை அப்படி மாறவில்லை, ஏனென்றால் அது கடையை நம்பி இல்லை, வீட்டை நம்பி இருந்தது. நெசவுக் கூட்டுறவுச் சங்கம் கட்டத் தெரிந்த ஊருக்கு, மகளிர் சுய உதவிக் குழு நடத்தத் தெரிந்த பெண்களுக்கு, மாதம் ஒருமுறை இந்த நோயைப் பற்றி வாய்விட்டுப் பேச ஒரு இடம் அமைப்பது பெரிய காரியம் அல்ல. முதலில் ஒரே ஒரு வீடு மறைப்பதை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது வீட்டில் இந்தக் கஷ்டம் இருந்தால், போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்று இல்லை. மகனாக, மகளாக நீங்களும் பேசலாம்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.